ஆறுமுகம் பில்டிங்கின் கடைசி ஆள்

சிரம்பான் பழைய கடைத்தெருவில் இருக்கும் ஆறுமுகம் பில்டிங்கில் இந்தக் கடைசி வருஷங்களில் முகக்கவசம் இல்லாமல் நான் ஏறியதில்லை. கீழ்ப்படிகளில் மூத்திரம், மேல்படிகளில் குருவி எச்சம். நடுவே, முதல் மாடித் திருப்பத்து அறையில் திருச்செல்வம் இருந்தார். சர்க்கரை நோயாளி, குதிகாலில் ஆறாத புண். வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் எங்கள் நர்சுகள் குழுவில் அவர் என் பொறுப்பு.

ஒரு காலத்தில் அங்கே செருப்பைத் துடைத்துவிட்டு நுழைவோம். கீழே ஜவுளிக்கடை, மாடியில் பல் டாக்டர், அதற்கு மேலே டைப்பிங் வகுப்பு. தீபாவளிக்குத் தோட்டத்து ஜனம் லாரியில் வந்து இறங்கும். பெரிய பேரங்காடிகள் வந்ததும் ஜவுளிக்கடை வீடியோ கடையானது. பிறகு அது கராவோக்கே ஆனது; அதைப் போலீஸ் மூடியது. கட்டியவரின் மகன் ஹேமநாதன் ஒழுகும் கூரையைத் தொடவில்லை. சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, மேல்மாடியில் ஒலிபெருக்கி மாட்டி, நாள் முழுக்கக் குருவிச் சத்தம் போட்டார். அந்தக் குருவிகள் எச்சிலால் கட்டும் கூட்டைச் சீனர்கள் சூப்பு வைப்பார்கள்; நல்ல விலை. குருவிகள் குடியேறின, மனிதர்கள் காலி செய்தார்கள். ஜாகா வேலைக்கு, அதாவது காவலுக்கு, வந்த திருச்செல்வம் மட்டும் மிச்சம்.

அவர் போர்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் விலைபோனபோது, "சாவியைக் கொடுங்க, வீடு பின்னால வரும்" என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி சொன்னதை நம்பி லயத்து வீட்டைவிட்டு வெளியேறினார். நகராமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கடைசியில் கல்வீடு கிடைத்தது. இவர் மனைவி வாடகை அறையில் செத்தாள். நகர்ந்தால் போச்சு என்று அன்று கற்றதை இந்தக் கட்டடத்திலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, குதிகால் கருக்குது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"போனா கதவப் பூட்டிடுவான் மிஸ்ஸி. பில்டிங் விலைக்குப் போவுதாம். உள்ள இருக்கிறவனுக்கு வீடு குடுத்துத்தான ஆவணும்?"

"அது தோட்டம், சங்கம் பேசிச்சு. இது கடை. யாரு குடுப்பா?"

"அங்கயும் இப்படித்தான் சொன்னாங்க. ராயப்பன் நவரல. இப்ப அவன் வாசல்ல காரு நிக்கிது."

"ராயப்பனுக்கு ரெண்டு காலும் இருக்கு லா."

சிரித்தார். "மிஸ்ஸிக்கு வாய் கொஞ்சமா இல்ல."

கீழே ஹேமநாதன் காரில் இருந்தார். வீடு தருவதாகச் சொன்னாயா என்று கேட்டேன்.

"வீடா? நான் எப்ப ஆண்ட்டி சொன்னேன்? அவரா நெனச்சிக்கிட்டாரு. பெருசு இருந்தா கூடு திருட எவனும் வரமாட்டான். அதான் நானும் ஒண்ணும் பேசல."

"மேல வந்து அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"வாடை தாங்காது ஆண்ட்டி" என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த வாடையில்தான் அவருக்குக் காசு விளைகிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பப் படியேறி, அவர் சொன்னதை அப்படியே திருச்செல்வத்திடம் சொன்னேன். நம்பவில்லை. "வெளிய அப்படித்தான் பேசுவானுங்க. நம்மள அசைக்கப் பாக்குறான்."

அடுத்த தடவை கட்டைப் பிரித்தபோது புண்ணில் புழு நெளிந்தது. பாதம் கருத்து, காய்ச்சலில் உளறிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமலே ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன். தூக்க வந்த இருவரில் ஒருவன் படியிலேயே வாந்தி எடுத்தான். அந்தப் படியில் எத்தனை வருஷம் இந்த மனிதர் சோற்றுப் பொட்டலத்தோடு ஏறி இறங்கியிருக்கிறார்!

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஹேமநாதன் கிரில் கதவுக்கு வெல்டிங் அடித்துவிட்டார். திருச்செல்வத்தின் பாயும் சட்டியும் பின்சந்துக் குப்பைத்தொட்டியில் கிடந்தன. துணிப்பையை மட்டும் எடுத்து, துவைத்து, வார்டுக்குக் கொண்டுபோனேன்.

பையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க தூக்கிட்டு வந்தீங்க, அவன் பூட்டிட்டான். நான் இருந்திருந்தா குடுத்திருப்பான் மிஸ்ஸி."

உயிரோடு இருந்திருக்க மாட்டீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, பிரேக்கைப் போட்டேன்.

"கைய ஊனுங்க. இடுப்பத் தூக்குங்க. நான் தூக்கமாட்டேன், நீங்கதான் தூக்கணும்."

"எங்க கொண்டுபோறீங்க?"

"கக்கூசுக்கு. அத மொதல்ல கத்துக்குங்க."