மோந்து பாருங்க அண்ணாச்சி

என் சித்தி குடிகாரி என்று திருத்தங்கலில் பாதிப் பேர் சொன்னார்கள். சொன்ன வாய் அழுகட்டும். நடக்கும்போது அவள் கால் தள்ளாடும், அவ்வளவுதான். அவள் அப்பாவுக்கும் அப்படியே. அந்த வம்ச நோய் நடையோடு மூக்கின் மோப்பத்தையும் பறித்துக்கொள்ளும் என்று மதுரை டாக்டர் சொன்னது பல வருஷம் கழித்து, என் அம்மாவுக்கும் கால் தடுமாறத் தொடங்கிய பிறகு. தனக்கு வாசம் தெரியவில்லை என்று சித்தி யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஒன்பது வயது. தீபாவளி சீசன். ஒரு சனிக்கிழமை காலை, சித்தப்பா ஒளித்து வைத்திருந்த பிராந்தி பாட்டிலை அவர் கண்ணெதிரிலேயே சாக்கடையில் கவிழ்த்தாள் சித்தி. பாதி அவள் முந்தானையில் கொட்டியது. அதே சேலையோடு பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் கிளம்பினாள். குப்பென்று நாறியது. சித்தப்பாவை வெறுப்பேற்றத்தான் மாற்றாமல் வருகிறாள் என்று நினைத்து, தூக்குச்சட்டியோடு பெருமையாகக் கூடவே போனேன்.

வேன் படியில் போர்மேன் மறித்தார். வெடிமருந்து புழங்கும் இடம்; குடித்தவர்களை ஏற்ற மாட்டார்கள்.

"ஆடிக்கிட்டு வாரியே, என்னம்மா இது?"

"காலு ஆடத்தான் செய்யும். வாய மோந்து பாருங்க அண்ணாச்சி" என்று சித்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நெருங்கினாள்.

அவர் முகம் சுளித்தார். வேனுக்குள் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். சித்தி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"சேலையில சித்தி" என்றேன்.

முந்தானையை மூக்கில் அழுத்தி மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அதற்குள் வேன் போய்விட்டது.

சித்தியா அழுவாள்? வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு சேலை கட்டி, கொளுத்தும் வெயிலில் கம்பெனி வரைக்கும் நடந்தாள். என் தோளைப் பிடிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள். நடுரோட்டில் ஆடி ஆடியே போனாள். "பாக்குறவன் பாக்கட்டும்" என்றாள். கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு போர்மேனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"இப்ப மோந்து பாருங்க. அம்புட்டுப் பேரையும் வரச் சொல்லுங்க, மோந்து பாக்கட்டும்."

ஒருவரும் வரவில்லை. போர்மேன் கதவைத் திறந்துவிட்டார். அந்த சீசன் முழுக்கச் சித்தி சரவெடி பின்னினாள்.

ஆனால் மறுநாளிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். தினமும் வேன் வருமுன் முந்தானையை என் முகத்தில் நீட்டுவாள். "வாடை இருக்கா? நல்லா மோந்து சொல்லு." தூக்கக் கலக்கத்தில் எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒனக்கு மூக்கு இல்லையா சித்தி?"

"இருக்குல்ல, அழகுக்கு" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.