சித்தப்பாவுக்கு நான் கொடுத்த பட்டம்

எங்கள் ஊரில் கம்பெனிகளுக்கு நிலம் விற்றவர்கள் நிறையப் பேர். விற்ற பணத்தை ஒரே வருடத்தில் தீர்த்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். கிரிக்கெட் டீமுக்கே சட்டை, சிநேகிதர்களுக்கு வாரா வாரம் பிரியாணி. தீர்ந்ததும் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி ஏறிக் காணாமல் போனார். இரண்டு வருடம் கழித்து இளைத்துப்போய் வந்து நின்றபோது அப்பா எதுவும் கேட்கவில்லை. கோழி அடித்துச் சோறு போட்டார். அதன்பிறகு சித்தப்பா கும்மிடிப்பூண்டியில் ஷிப்டுக்குப் போய் ஒழுங்காகத்தான் இருந்தார்.

அவருக்குப் பெண் பார்த்த சமயம் நான் ஆறாவது. வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பி வர, அப்பா விருந்து வைக்கும் கதையைப் பள்ளியில் சொன்னார்கள். அவன் பெயர் 'ப்ராடிகல் சன்'. ப்ராடிகல் என்றால் திரும்பி வந்தவன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறாரே என்று பெருமை தாங்கவில்லை.

ஆர்.கே.பேட்டையிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தம்பி மறுபடி லாரி ஏறிவிடுவானோ என்று அப்பாவுக்குப் பயம்.

"நெலத்தப் பத்தி யார்னா கேட்டா கம்முனு இரு, இன்னா?" என்று அம்மா காலையிலேயே என் காதைத் திருகியிருந்தார்.

பெண்ணின் அக்கா இங்கிலீஷ் டீச்சர். கேசரி சாப்பிட்டபடியே, சித்தப்பாவைப் பற்றி இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். நான் எழுந்து நின்று, "மை அங்கிள் இஸ் எ ப்ராடிகல் மேன்" என்றேன் கணீரென்று. அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஒன்றும் புரியாத எங்கள் வீட்டார் பூரித்துப்போனார்கள். "இங்கிலீஷ் மீடியம்" என்றார் அப்பா.

மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது.

ஒன்பதாவதில்தான் அகராதியைப் புரட்டினேன். ஊதாரி என்று போட்டிருந்தது. திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்குள் சித்திக்கு இரண்டு பிள்ளைகள். சித்தப்பாவின் சம்பளம் அப்படியே சித்தி கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

போன பொங்கலன்றுதான் தைரியம் வந்து, அன்று நான் சொன்னது தெரியுமா என்று சித்தியிடம் கேட்டேன். சித்தி சிரித்தார்.

"அக்கா அன்னிக்கே வந்து சொல்லிட்டா. எங்கப்பா வேணாம்னுதான் சொன்னாரு. மத்த ஊட்ல எல்லாத்தையும் மூடி மறைப்பாங்க, இவுங்க ஊட்ல கொழந்த கூட உண்மைய சொல்லுது, அங்கயே குடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

அர்த்தம் தெரியாமல்தான் சொன்னேன் என்று சித்தியிடம் நான் இதுவரை சொல்லவில்லை.