வேட்டைக் கமிஷனில் கால் பங்கு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, ஜோகுபாளையத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன்.
2. பார்ட்டி பிடித்துக் கொடுத்தால் கமிஷனில் கால் பங்கு தருவதாக முதலாளி சொன்னார்.
3. ஒரு பார்ட்டியைப் பிடித்துக் கொடுத்தேன்.
4. அவர் ஆப்பிரிக்கா போய்ப் பத்து நாள் வேட்டையாடிவிட்டு வந்தார்.
5. கமிஷன் வந்தது. எனக்கு வரவில்லை.

இங்கே மானைச் சுட்டால் ஜெயில். தென்னாப்பிரிக்காவில் சுட்டால் ரசீது. அப்பா காலத்துத் துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கும் காப்பித் தோட்டக்காரர்களும் மில் முதலாளிகளும் அதற்காகத்தான் எங்களிடம் வருவார்கள். டிக்கெட், விசா, அங்கே காட்டுக்குள் கூட்டிப்போகும் வேட்டைக் கம்பெனி எல்லாம் எங்கள் ஏற்பாடு. கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எவ்வளவு? ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு.

அது பொய் இல்லை. ஏஜெண்டுக்குப் பணம் கொடுப்பது வேட்டைக் கம்பெனி. அதுவும் ஆள் வேட்டையை முடித்துத் திரும்பிய பிறகு, அவர் தங்கும் நாளுக்குக் கட்டும் வாடகையில் மட்டும். சுட்ட மிருகத்துக்குத் தனியாகக் கட்டும் விலையில் எங்களுக்குப் பங்கு கிடையாது. அதனால் அவர் எத்தனை மிருகம் சுடுகிறார் என்பது எங்கள் கவலை இல்லை. ஏழு நாள் கேட்பவரைப் பத்து நாளுக்கு ஏற்றுவதுதான் திறமை.

என் பார்ட்டி, பீன்யா தொழிற்பேட்டையில் நட்டு போல்ட்டு தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையின் சொந்தக்காரர். டிப்ளமா படித்தபோது அங்கே சம்பளப் பட்டியலுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அறுபது வயது, மூட்டு வலி.

“ஏழு நாள் போதும்மா. முட்டி தாங்காது.”

“பத்து நாள்னா நடுவுல ரெஸ்ட் எடுத்துக்கலாம் சார். ஓட வேண்டாம்.”

“அதுவும் சரிதான். நம்ம கணக்கைத் தப்பில்லாம போட்டவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மூன்று நாட்களை அவர் தலையில் கட்டினேன். எனக்கு மாலை நேர பி.ஈ. வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் கால் பங்கு முதல் வருடக் கட்டணத்துக்குச் சரியாக வரும். ஜூலை கடைசிக்குள் கட்ட வேண்டும்.

அவர் ஜூன் முடிவில் திரும்பினார். மூன்று வாரத்தில் கமிஷன் பாங்குக்கு வந்தது. முதலாளியிடம் போய் நின்றேன்.

“சார், பீன்யா பார்ட்டி கமிஷன் வந்துடுச்சு. என் பங்கு…”

“அது உன் பார்ட்டியா? ஃபாரத்தை எடு.”

எடுத்தேன். இந்தத் தொழிலில், வேட்டைக்காரரின் பெயரை முதலில் எழுதி அனுப்பிய ஏஜெண்டுக்கே கமிஷன், அவர் எத்தனை தடவை போனாலும். அதே வழக்கப்படி எங்கள் ஆபீஸுக்குள்ளும் படிவத்தில் ‘அறிமுகம் செய்தவர்’ என்ற கட்டத்தைப் பார்த்துத்தான் பங்கு பிரிப்பார்கள். அந்தப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டாமே என்று, அந்தக் கட்டத்தில் முதலாளி பெயர் தானாக வந்து நிற்கும்படி எழுதியிருந்தேன். என் பார்ட்டிக்கு அதை அழித்துவிட்டு என் பெயரைப் போட மறந்துபோனேன்.

“யார் பேர் இருக்கு?”

“உங்க பேர். அது தானா வர்றது சார். நான்தான் அவரை இங்க கூட்டிட்டு வந்தேன். நீங்கதான் அவருக்கு டீ சொன்னீங்க.”

“எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதும்மா. பேப்பர்ல இருக்கறதுதான் தெரியும்.”

டிக்கெட் போடும் அக்கா தலையைத் தூக்காமலே, “இன்ஜினியரம்மா, அடுத்த தடவை உங்க பேரைத் தானா வரவச்சுக்கோங்க” என்றார். முதலாளி சிரித்தார்.

பீன்யாக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மறுநாள் அவரிடம் போனேன். முட்டியில் கட்டுப் போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“உன் மூலமாத்தான் வந்தேன்னு சொல்லணும், அவ்வளவுதானே? எதுக்கும்மா?”

“கமிஷன்ல எனக்குப் பங்கு வரும் சார்.”

“கமிஷனா? ஒண்ணும் வேண்டாம்னியே.” முட்டிக் கட்டை இறுக்கிக்கொண்டார். “நாளுக்கா, மிருகத்துக்கா?”

வியாபாரம் தெரிந்த மனிதர். “நாளுக்கு” என்றேன்.

காலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“சரி, போயிட்டு வாம்மா” என்றார்.

அவர் முதலாளிக்குப் போன் செய்யவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஜூலை முடிந்தது, என் இடம் வேறு யாருக்கோ போனது.

இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை செய்கிறேன், டிப்ளமாவுக்கு உள்ள சம்பளத்தில். பி.ஈ. படிக்கவில்லை. பீன்யாக்காரர் அதற்குப் பிறகு இரண்டு தடவை ஆப்பிரிக்கா போய்விட்டு வந்தார். இரண்டு தடவையும் கமிஷன் அந்த முதலாளிக்குத்தான் வந்தது.