அத்தை உட்கார்ந்து பார்த்த பைகள்

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வெள்ளத்தைத் தடுக்கும் மூட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் சோதனை அறையில் வேலை பார்க்கிறார். அந்த மூட்டையில் மண் கிடையாது. துணிப்பைக்குள் இரண்டு கை வெள்ளைத் தூள், அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் தூள் ஊறிக் கூழாகி, பை தலையணை போல உப்பும்.

அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாத நூல்களின் சிக்கல். நூலோடு நூலைக் கட்டிப்போட ஒரு மருந்து சேர்ப்பார்கள். தொழிற்சாலையில் அதற்குக் ‘கொக்கி’ என்று பெயர். கொக்கி குறைந்தால் நூல்கள் தாராளமாக விலகி நிறையத் தண்ணீர் குடிக்கும். கூடினால் விலக முடியாமல் கொஞ்சம்தான் குடிக்கும். அத்தை ஒவ்வொரு பையையும் வாளியில் ஊறப்போட்டு, வடித்து, நிறுப்பார். அதிகம் குடித்தது நல்ல பை, குறைவாகக் குடித்தது கழிவு. வீட்டிலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும் விருந்தாளியைத்தான் நல்லவர் என்பார்.

அத்தையும் மாமாவும் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். கீழே, தெருவைவிட இரண்டு படி தாழ்ந்த முன்னறையில், அப்பாவின் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது. எங்களுக்குச் சோறு போடுவது அதுதான். நாலு பேர் சேர்ந்தாலும் அதைத் தூக்க முடியாது.

அந்த வாரம் மழை விடவே இல்லை. தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அத்தை தொழிற்சாலையில் சொல்லிப் பைகள் கொண்டுவந்தார். கொக்கி குறைத்துச் செய்த புது ரகம் ஒரு கட்டு. கொக்கி கூடிப்போன கழிவு, சும்மா கிடைத்ததால், மூன்று கட்டு.

புது ரகம் வாசலில் ஊறி, ஊதி, நிமிர்ந்தது.

“பாத்தியாண்ணா, எப்படிக் குடிக்குதுன்னு!”

“மாப்பிள்ளையையே மிஞ்சிடும் போலிருக்கே,” என்றார் அப்பா.

மாமா காதில் விழாதவர் போல இரண்டாம் வரிசையை அடுக்கினார். பாரம் இறங்கியதும் கீழ் வரிசை தட்டையானது. துணியின் இழை வழியே கூழ் வழவழவென்று கசிந்து படியில் இறங்கியது. பின்னாலேயே தண்ணீர்.

“என்னம்மா, உன் நல்ல பைக்கு மூக்கு ஒழுகுது?”

அத்தை கூழை விரலில் தேய்த்துப் பார்த்தார். “வாளியில தனித்தனியாத்தாண்ணா போடுவோம். ஒண்ணுமேல ஒண்ணு வெச்சதே இல்ல.”

“அந்தக் கழிவ எடுக்கட்டுமா?” என்றார் மாமா.

“அது குடிக்காதுங்க.”

“குடிக்காதவன்தான்டி நேரா நிப்பான்.”

இந்த விஷயத்தில் மாமா சொன்னால் நம்பலாம். கழிவுப் பைகள் பாதிதான் உப்பின. அதனால் நிறைய வேண்டியிருந்தது. அத்தை ஒவ்வொன்றின் மேலும் உட்கார்ந்து பார்த்தார். அமுங்கியது, எழுந்ததும் பழையபடி நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் அடுக்கவிட்டார். தண்ணீர் மூன்றாம் வரிசைவரை ஏறி அங்கேயே நின்றது. மெஷினின் சக்கரம் மட்டும் நனைந்தது. மறுநாள் கரண்ட் வந்ததும் அப்பா ஒரு வெற்றுத்தாளை வைத்து நகல் எடுத்தார். வெற்றுத்தாள் சுத்தமாக வந்தது.

அத்தை நடந்ததை மேலாளரிடம் அப்படியே சொன்னார். இப்போது கொக்கியை நடுவாக வைத்துச் செய்கிறார்கள். எடை பார்த்த பிறகு பைமேல் ஒரு பலகையைப் போட்டு அத்தை உட்கார வேண்டும். ஒருநாள் அவர் லீவு போட்டதால் ஒல்லியான ஒருவரை உட்காரவைத்தார்கள். எல்லாப் பையும் தேறிவிட்டது. மறுநாள் அத்தை வந்து எல்லாவற்றிலும் மறுபடி உட்கார்ந்தார்.