அம்மாவைக் குலுக்கிய ஜீப்

எங்கள் பழைய ஜீப்பின் முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு பிணைத்திருந்தது. இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது பக்கமும் சேர்ந்து ஆடும். நமுனுகுல மலையில் தேயிலைத் தோட்டக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து இறங்கித் தார் ரோட்டைத் தொடுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, எந்தப் பள்ளத்திலும் அது நின்றதில்லை.

கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிய அம்மாவை அதில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னாலிருந்து முனகினாள். பாறைத் திருப்பத்தைத் தாண்டியதும் முனகல் நின்றுவிட்டது. “குலுக்குனதுலதான் விஷம் ஒடம்பெல்லாம் ஏறிருச்சு” என்றார்கள் சாவு வீட்டில். அக்கா அப்படியே நம்பினாள். நானும்தான்.

ஜீப்பை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஒன்றும் பலிக்கவில்லை. வெறும் வண்டியை ஓட்டிப் போனாலும் கல்லில் ஏறும்போதெல்லாம் பின்னால் அம்மா முனகினாள். இரும்புதான் கிறீச்சிடுகிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பயம் போகவில்லை. லயத்துத் தோட்டங்களில் போஞ்சிக்காய் வாங்கப் பண்டாரவளையிலிருந்து வரும் முஸ்லிம் கடைக்காரருக்கு வண்டியை விற்றுவிட்டேன். அவரை எல்லோரும் நானா என்போம்.

பிறகு ஒரு டபுள் கேப் பிக்கப் வண்டி வாங்கினேன். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கை. ஒன்று கல்லில் ஏறுவது மற்றதற்குத் தெரியாது. உள்ளே தேத்தண்ணி வைத்தாலும் சிந்தாது என்று பீற்றிக்கொண்டேன். “இது முன்னமே இருந்திருந்தா அம்மா இருந்திருக்கும்” என்று ஏறும்போதெல்லாம் அக்கா சொல்வாள். பாறைத் திருப்பத்தில் வண்டி சத்தமில்லாமல் கடக்கும். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முனகல் வரவேண்டிய இடம் வந்ததும் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும்.

பட்ட காலிலே படும் என்பார்கள். போன மழைக்காலத்தில் அக்காவையும் குளவி கொட்டியது. முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. அவளை டபுள் கேப்பில் கிடத்திக்கொண்டு கிளம்பினேன். பாறைத் திருப்பத்தில் மழை ரோட்டை அறுத்துப் போட்டிருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, மற்றது கல்லில் ஏறியது. பழைய ஜீப்பாக இருந்தால் சக்கரத்தோடு அச்சும் மேலே எழும்பியிருக்கும். இதில் சக்கரம் மட்டும் எழும்பியது. வண்டியின் வயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சொகுசு வண்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

போஞ்சி வாங்கக் கீழேயிருந்து நானா எங்கள் பழைய ஜீப்பில் வந்தார். அக்காவைப் பார்த்ததும் வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினார்.

“ஏத்துங்க தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

“இதுல வேணாம் நானா. குலுக்கும்.”

“அப்ப இங்கயே வச்சிக்கிட்டு இருக்கப் போறீங்களா?”

அம்மா கிடந்த அதே இடத்தில் அக்காவைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நானா விரட்டினார். ஜீப் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் அக்கா முனகினாள். எந்தச் சத்தத்துக்குப் பயந்து வண்டியை விற்றேனோ, அது நின்றுவிடக் கூடாது என்று முருகனை வேண்டினேன். தார் ரோடு வந்ததும் முனகல் நின்றது. மூக்கருகில் விரல் வைத்தேன். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் வீங்கிய கண்ணை லேசாகத் திறந்தாள்.

“எதுல கொண்டாந்த?”

“நம்ம பழைய ஜீப்புலதான்.”

“வழியெல்லாம் குலுக்குச்சா?”

“குலுக்குச்சுக்கா.”

என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“அப்ப அம்மா ஏன் செத்துப்போச்சு?” என்றாள்.

இத்தனை நாளும் கோபப்பட எங்களுக்கு ஓர் இரும்பாவது இருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டில் அழாத அழுகையை எல்லாம் அங்கே அழுதேன்.