எஸ்-பானில் ஓர் உத்தமர்

பிராங்பேர்ட்டில் நான் வேலைக்குப் போகும் எஸ்-பான் ரயிலில் தினமும் என் எதிரே உட்காருவார் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். சாயம் பூசிய மீசை. மனைவி போன் செய்து எங்கே என்று கேட்டால் உடனே வாயால் பதில் சொல்லமாட்டார். போனை ஒலிபெருக்கிப் பக்கம் தூக்கிப் பிடிப்பார். அது அடுத்த நிலையத்தின் பெயரைச் சொன்னதும், "கேட்டதே? ரெயினிலைதான் வாறன்" என்பார். அப்படி ஓர் உத்தமரை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ஒலிபெருக்கி பழுது. கை வலிக்கத் தூக்கிப் பிடித்திருந்தவர், கடைசியில் போனை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நான் ரெயினிலைதான் எண்டு மனிசிக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

உதவும் எண்ணத்தில், "ஆமாக்கா, இங்க என்கூடத்தான் இருக்கார்" என்றேன்.

அதன்பிறகு அந்த அம்மா போட்ட சத்தம் பெட்டி முழுக்கக் கேட்டது. அவர் போனை என்னிடமிருந்து வாங்கிப் பேசி வைத்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை தங்கச்சி. இந்த வயசிலையும் என்னை ஒருத்தி திரும்பிப் பாப்பாள் எண்டு அவ நம்புறா" என்றார், ஜன்னல் கண்ணாடியில் மீசையைத் தடவிக்கொண்டே.

மறுநாள் ஒலிபெருக்கி சரியாகிவிட்டது. மனைவி அழைத்த நேரம் பார்த்து, நிலையத்தின் பெயரைக் கணீரென்று சொன்னது. அவர் போனை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.