பீடத்தின் முன்னிருந்து எழுந்துபோனவர்

செவ்வாய்க்கிழமை காலை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நம் சபையின் காவலாளி சைக்கிளோடு வாசலில் வந்து நின்றார். "டீச்சரம்மா, நம்ம செல்வராஜ் சார் பூட்டாரு. மார வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அடையாறு சபையாராகிய உங்களுக்குத் தெரியும்.

செல்வராஜ் அண்ணன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். நம் ஓய்வுநாள் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். அவருக்குக் கீழே ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு வேதப் பாடம் எடுத்தவள் நான். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "பிள்ளைங்க கர்த்தரோடதும்மா. நம்ம கையில குடுத்து வச்சிருக்கார். நம்மளுதுன்னு நெனச்சாதான் கை ஓங்கத் தோணும்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவருக்கே அது எவ்வளவு கஷ்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் மகள் ஜெசி அப்போது பிளஸ் டூ. தாயில்லாப் பெண். திருவான்மியூர் கடற்கரையில் அவளை ஒரு பையனோடு பார்த்ததாக உங்களில் ஒருவர் அக்கறையாகப் போய்ச் சொன்னார். அண்ணன் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அறைந்துவிட்டார். அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் மயிலாப்பூரில் தன் தோழி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். தோழியின் அம்மாவே வந்து சொன்ன பிறகுதான் அவருக்கு உண்மை தெரிந்தது.

அந்த ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் தரும் நாள். பீடத்தின் முன் முழங்காலில் நின்ற வரிசையில் அண்ணனும் இருந்தார். அப்பம் பக்கத்தில் வரும்போது திடீரென எழுந்து, மகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனார். "ஜெசி, உன்ன அடிச்சது அப்பா தப்பு. மன்னிச்சுக்கோ." அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மனத்தாங்கல் இருந்தால் முதலில் ஒப்புரவாகிவிட்டுப் பிறகு பீடத்துக்கு வா என்ற வசனப்படி, அவர் அங்கே திரும்பவும் இல்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

உடனே கமிட்டி கூடிவிட்டது. "பெத்த பொண்ணுகிட்ட தலைகுனிஞ்சு நிக்கிறவர் மத்த பசங்களுக்கு என்ன ஒழுங்கு சொல்லித்தருவார்?" என்றார் செயலாளர். தலைவர் பதவியிலிருந்து அவரை எடுக்க எல்லோரும் கை தூக்கினார்கள். அண்ணன் ஓய்வுநாள் பள்ளி அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். பொய்யைச் சுமந்துவந்தவர் மட்டும் கமிட்டியில் சௌக்கியமாக இருந்தார்.

மாதாமாதம் திருவிருந்து வரும். அண்ணன் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கமாட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவகிட்ட கொஞ்சம் சொல்லிப் பாருங்கண்ணே" என்றேன். "அடிக்கும்போது அவளக் கேட்டா அடிச்சேன்? மன்னிக்கிறது அவ பாடும்மா. அவசரப்படுத்த எனக்கு என்ன உரிமை?" என்றார். ஏன் அடித்தார் என்றுகூட அவளிடம் விளக்கம் சொல்லவில்லை. "காரணம் சேத்துச் சொன்னா அது மன்னிப்பு இல்ல, வாதாட்டம்" என்பார்.

ஒரு ஞாயிறு, வரிசை நகரும்போது ஜெசி அவர் முழங்கையைத் தொட்டாள். "போங்கப்பா" என்றாள். அண்ணன் எழுந்து போனார். வரும்போது முகமெல்லாம் நனைந்திருந்தது. நீங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் பதவியைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. சாகும்வரை அவர் பின்பெஞ்சுக்காரர்தான்.

அடக்க ஆராதனையில் அதே செயலாளர் மைக்கைப் பிடித்து, "கண்டிப்போடு பிள்ளை வளர்த்த முன்மாதிரித் தகப்பன்" என்றார். கல்லறையிலிருந்து திரும்பியதும் ஜெசியிடம் வந்தார். "பாப்பா, அப்பாவோட நல்ல போட்டோ ஒண்ணு குடு. ஓய்வுநாள் பள்ளி ரூம்ல மாட்டணும்னு கமிட்டில பேசியிருக்கோம்."

"தரேன் அங்கிள். எங்கப்பாவ அந்த ரூம்லேர்ந்து அனுப்பினது தப்புன்னு மொதல்ல அதே மைக்ல சொல்லுங்க."

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? அன்னைக்கு நெலம அப்படி..."

"அப்போ போட்டோ இல்ல அங்கிள்."

அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்றுதான். என் மகனிடம் தவறினால், "அம்மா தப்பு" என்பதோடு நிறுத்திக்கொண்டு, அவனாகத் திரும்பிப் பார்க்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். சுலபமாக இல்லை. உங்களுக்கோ சுவரில் மாட்ட அவர் முகம் மட்டும் போதும். அந்தப் படம் வேண்டுமென்றால் ஜெசி வீட்டுக்குப் போங்கள். தலைகுனிந்து போங்கள்.